சீசாவோடு ஒரு சேதி

வெறும் சீசாவை நீட்டினால் அவர் மருந்து தரமாட்டார். சீசாவைக் கழுவி, கவிழ்த்து உலரவைத்து, தக்கையோடு கொண்டுபோனாலும் போதாது. கூடவே ஒரு சேதி கொண்டுபோக வேண்டும். வீட்டில் படுத்திருக்கும் நோயாளியைப் பற்றிய சேதி. அதுவும் போன வாரம் சொன்னதாக இருக்கக்கூடாது.

"சீசா வந்துச்சு. சேதி வந்துச்சா?" என்று கேட்டுக் கையை நீட்டுவார். இரண்டில் எது குறைந்தாலும் அந்தக் கை மடங்கிவிடும்.

ராயப்பேட்டை மணிக்கூண்டுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு டிஸ்பென்சரியில் அவர் கம்பவுண்டர். முன்பிருந்த கம்பவுண்டர் யுத்தத்துக்குப் போய்விட, ஏதோ ஒரு பெண்கள் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிக்கொண்டிருந்த இவரை டாக்டர் கூட்டிவந்தார் என்று கேள்வி. பெண் கம்பவுண்டர் அப்போதெல்லாம் அபூர்வம். முதல் மாதம் சில பேர் சீசாவை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு திரும்பிப் போனதுகூட உண்டாம். பெயரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை, நானும் கேட்கவில்லை. எல்லோருக்கும் கம்பவுண்டரம்மாதான். சாந்தோம் கடற்கரைக் குப்பத்துப் பெண், அம்மா மீன் விற்றவர். வெள்ளைப் புடவை, கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை, ரவிக்கையில் ஊக்குக் குத்தித் தொங்கவிட்ட சின்னக் கடிகாரம். பேசும்போது கண்ணை மட்டும் உங்களிடம் வைத்திருப்பார், கை தன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும். காகிதப் பட்டையை மடித்துக் கத்தரியால் நறுக்கென்று வெட்டிப் பிரித்தால் வரிசையாகப் பற்கள். ஒரு பல் ஒரு வேளை. இருபத்தொரு பல், ஒரு வாரம். பசை தடவிச் சீசாவின் விலாவில் ஒட்டுவார். ஒரு பல்கூட கோணலாக விழுந்து நான் பார்த்ததில்லை.

நான் மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் டீச்சர். வயது இருபத்திரண்டு. அப்பா அம்மா போனபிறகு என்னை வளர்த்துப் படிக்கவைத்தவள் அக்கா. என்னைவிடப் பதினாலு வயது மூத்தவள். சின்ன வயதில் அவளுக்கு மூட்டுக் காய்ச்சல் வந்து, போகிற போக்கில் இதயத்தையும் தொட்டுவிட்டுப் போயிருந்தது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும், கால் வீங்கும். சீமையில் ஏதோ பூச்செடியின் இலையிலிருந்து இறக்கும் மருந்தாம், அதைக் கலந்த மிக்ஸ்சரை ஒரு வேளை விடாமல் குடிக்க வேண்டும். டாக்டர் வீட்டுக்கு வந்து பார்த்து மாதங்கள் ஆகியிருந்தன. மருந்துச் சீட்டின் மேல் நீல மசியில் 'ரிபீட்' என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வார்த்தையின் பலத்தில் நான் வெள்ளிக்கிழமைதோறும் பள்ளி விட்டதும் டிராம் ஏறிப் போய் மருந்து வாங்கிவந்தேன்.

வெள்ளிக்கிழமை என்றால் யாருக்கும் களைப்பு. எனக்குக் களைப்போடு கோபமும் வரும். முதல் தடவை அவர் சேதி கேட்டபோது, "அப்படியேதான் இருக்காங்க" என்றேன்.

"அப்படியே இருக்கிறது அம்மிக்கல்லு. மன்சாளு அப்படியே இருக்க மாட்டாங்க. குந்து, நாபகம் வரும்."

குந்தினேன். அந்தப் பெஞ்சி ஒரு தனி உலகம். குண்டு விழும் என்ற பயத்தில் ஜன்னல் கண்ணாடிக்கெல்லாம் பழுப்புக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். காகிதம் கிழிந்த இடங்களில் மாலை வெயில் உள்ளே வந்து அலமாரிச் சீசாக்களில் விழும். சிவப்பு, நீலம், தேன் நிறம். அந்த நிறங்கள் மெதுவாகத் தரையில் நகர்ந்து பெஞ்சியில் இருப்பவர்களின் காலில் ஏறும். ஓமமும் கற்பூரமும் கலந்த வாசனை, கல்வத்தில் எதையோ அரைக்கும் கரகரப்பு, தூரத்தில் டிராம் மணி. உட்கார்ந்த சற்று நேரத்துக்கெல்லாம் நான் எங்கே இருக்கிறேன் என்பதே மங்கிப்போகும். அரைத் தூக்கத்தில்தான் பலருக்கும் சேதி ஞாபகம் வந்தது என்று நினைக்கிறேன்.

என் பக்கத்தில் எப்போதும் ஒரு பாய் இருப்பார். தோல் மண்டிக்காரர். மனைவிக்கு இழுப்பு. அவருக்குச் சேதிப் பஞ்சமே கிடையாது. "ஊட்டுல நேத்து பிரியாணி ஆக்குச்சும்மா, உப்பு கம்மி. நான் வாயத் தொறக்கலியே, அதுவே தின்னு பாத்துட்டு அதுவே என்னைத் திட்டுச்சு."

"அப்ப மூச்சு நல்லா கீது" என்று கம்பவுண்டரம்மா பென்சிலை எடுத்து அவர் சீட்டின் முதுகில் எழுதிக்கொள்வார். ஒவ்வொரு சீட்டையும் ஒரு கம்பியில் குத்தித் தொங்கவிட்டிருந்தார். முன்பக்கம் டாக்டர் எழுத்து, பின்பக்கம் சேதி. 'பிரியாணி. திட்டினது.'

தியாகராய நகர் பங்களா ஒன்றிலிருந்து காரில் டிரைவர் வருவார். உடுப்பும் தொப்பியுமாக. "அய்யா எப்படி கீறாரு?" என்றால், "எனக்கு வண்டியப் பத்தித்தாம்மா தெரியும்" என்பார். "அப்ப வண்டிக்கு மருந்து தர்றேன், எடுத்துகினு போ" என்று அவரைப் பெஞ்சிக்கு அனுப்பிவிடுவார். இப்படி இரண்டு வாரம் ஆனதும் மூன்றாம் வாரம் அந்த வீட்டு அம்மாளே பட்டுப்புடவையோடு வந்து எங்கள் பெஞ்சியில் உட்கார்ந்து, கணவர் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறார் என்று கூச்சத்தோடு சொன்னாள். கல்யாணமான முப்பது வருஷத்தில் அவள் அதைக் கவனித்தது அந்த வாரம்தானாம்.

ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன். கூட்டம் இல்லை. அவுன்ஸ் கிளாசைக் கழுவியபடி சொன்னார்.

"பழைய ஆஸ்பத்திரியில ஒரு பெரியவரு வருவாரு. சம்சாரத்துக்கு மிக்ஸ்சர். நானும் ஊத்திக் குடுத்துகினே இருந்தேன். அப்பால யாரோ சொன்னாங்க, அந்தம்மா போய் மூணு வாரம் ஆச்சாம். மூணு வாரமா நான் மண்ணுக்கு மருந்து ஊத்திக்கினு இருந்திருக்கேன்."

"அவர் ஏன் வந்தார்?"

"வராம எங்க போவாரு? பதினோரு வருசமா அந்தக் கிழமைக்கு அவருக்கு அதுதானே வேலை."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"இன்னா செய்யறது. அடுத்த வாரம் ஓமத்தண்ணி ஊத்தி, பட்டை ஒட்டிக் குடுத்தேன். வாங்கிக்கினு போனாரு." கிளாசை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அன்னியிலிருந்துதான் கேக்கறேன். கேட்டிருந்தா மொத வாரமே தெரிஞ்சிருக்கும் இல்ல?"

கதையைக் கேட்டு எனக்கு மனம் உருகியது. ஆனால் உருகின மனதோடு நான் செய்தது என்ன தெரியுமா? பொய் சொல்ல ஆரம்பித்தேன்.

முதல் பொய் பெஞ்சிக்குப் பயந்து. அன்று நூறு நோட்டுத் திருத்தித் தலை வெடித்துக்கொண்டிருந்தது. அக்காவைப் பற்றி எதுவுமே நினைவில்லை. காலையில் அவள் முகத்தைப் பார்த்தேனா என்றே தெரியவில்லை. "அக்கா இன்னிக்குக் காலையில பாடினாங்க" என்றேன். என் அக்கா வாழ்நாளில் பாடினவள் அல்ல.

கம்பவுண்டரம்மா கத்தரியைக் கீழே வைத்துவிட்டார். அந்த முகம் மலர்ந்ததை என்னால் இப்போதும் பார்க்க முடிகிறது. "இன்னா பாட்டு?"

"தாலாட்டு மாதிரி ஒண்ணு."

'பாட்டு. தாலாட்டு' என்று எழுதிக்கொண்டார். மருந்து உடனே கிடைத்தது. நான் ஓட்டமாக ஓடி டிராமைப் பிடித்தேன்.

அடுத்த வாரம் ஒரு கிளி வந்தது. சிறகு ஒடிந்து எங்கள் முற்றத்தில் விழுந்ததாகவும், அக்கா மஞ்சள் பற்றுப் போட்டு வளர்ப்பதாகவும் சொன்னேன். அதற்கடுத்த வாரம் கிளி கொய்யாப்பழம் தின்றது. பிறகு பேசியது. நான் வாசலில் செருப்பைக் கழற்றினாலே "டீச்சர் வந்தாச்சு" என்று கத்தியது. பெஞ்சியில் இருந்த பாய் தொடையில் தட்டிச் சிரித்தார். கம்பவுண்டரம்மா ஒரு பொட்டலத்தில் கோவைப்பழம் கட்டி, "கிளிக்குக் குடு" என்று என் பையில் போட்டார். வாராவாரம் போட்டார். வாராவாரம் நான் அதை லஸ் முனை தாண்டியதும் டிராமிலிருந்து வெளியே உதிர்த்தேன்.

எனக்கு இரண்டு வீடு இருந்தது. ஒன்று மயிலாப்பூர்ச் சந்தில், அக்கா சுவரில் சாய்ந்தபடி பேசாமல் இருக்கும் வீடு. இன்னொன்று ராயப்பேட்டையில், வெள்ளிக்கிழமை மட்டும் இருக்கும் வீடு. அதில் முற்றமெல்லாம் வெயில், கிளி பேசும், அக்கா பாடுவாள். உண்மையைச் சொன்னால் இரண்டாவது வீட்டுக்குப் போகத்தான் எனக்குப் பிடித்திருந்தது. முதல் வீட்டில் அக்கா சோற்றைப் பாதியில் ஒதுக்குவதைப் பார்த்தும் பார்க்காதவளாக இருந்தேன். கத்திரி வெயில், யாருக்குத்தான் பசிக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இதை எழுதும்போதுகூட வெட்கமாக இருக்கிறது.

அந்த வெள்ளிக்கிழமையும் கிளிச்சேதி தயாராகத்தான் இருந்தது. எனக்கு முன்னால் நாலு பேர். காத்திருந்த நேரத்தில் பாயிடம் வீட்டுக் கதை பேசிக்கொண்டிருந்தேன். டோபியைப் பற்றி ஏதோ அவர் குறைப்பட்டுக்கொண்டார். நானும், "எங்க வீட்டுல தினம் டோபியோடதான் சண்டை. வெள்ளைப் புடவையெல்லாம் மஞ்சளா வெளுத்திருக்கான்னு அக்கா கத்தறாங்க. எனக்குப் பார்த்தா வெள்ளையாத்தான் இருக்கு" என்றேன்.

கல்வத்தின் கரகரப்பு நின்றது.

"டீச்சரம்மா. இன்னா சொன்னே?"

திரும்பச் சொன்னேன்.

"புடவை மட்டும்தானா? பாலு?"

யோசித்தேன். ஆமாம், பால்காரனோடும் சண்டை. பாலில் மஞ்சள் தூள் விழுந்திருக்கிறது என்று அக்கா தம்ளரைத் தள்ளிவிட்டாள். மறந்தே போயிருந்தது.

"சாப்பிடறாங்களா? குமட்டல் கீதா?"

"தெரியலை."

"தெரியலியா?" அவர் குரல் உயரவில்லை. எனக்காகக் கலந்துவைத்திருந்த மிக்ஸ்சரை எடுத்து ஒரு சொட்டு மிச்சமில்லாமல் தொட்டியில் கவிழ்த்தார். "அது கொஞ்சங் கொஞ்சமா உடம்புல சேர்ற மருந்து. சேர்ந்து பூட்டா கண்ணுக்கு எல்லாம் மஞ்சளாத் தெரியும். அப்பால நெஞ்சு நின்னுடும்." பாயைப் பார்த்து, "டாக்டரய்யா வந்ததும் அப்படியே மயிலாப்பூர் வரச் சொல்லு நைனா" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்தார். நாங்கள் ஒரு ரிக்‌ஷாவில் போனோம். வழியெல்லாம் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அக்கா வழக்கமான சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கம்பவுண்டரம்மா எதிரில் குந்தி, மணிக்கட்டைப் பிடித்து, மார்பில் தொங்கிய கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தபடி எண்ணினார். இரண்டு துடிப்பு, ஒரு இடைவெளி. மறுபடி இரண்டு, மறுபடி இடைவெளி. அந்த இடைவெளியில் அவர் உதடும் நிற்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு நேராகப் போய் மாடப்பிறையிலிருந்த மருந்துச் சீசாவை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"ஒண்ணும் இல்லம்மா. மருந்தை நிறுத்தினா சரியாப் பூடும். டாக்டரய்யா வந்துகினு கீறாரு."

"நீங்கதான் கம்பவுண்டரம்மாவா?" என்றாள் அக்கா. "உங்க புடவைகூட மஞ்சளாத்தான் இருக்கு."

"இருந்துட்டுப் போவுது." சிரித்தார். சிரித்துக்கொண்டே முற்றத்தைப் பார்த்தார், உத்தரத்தைப் பார்த்தார், மூலையைப் பார்த்தார். நான் சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டேன். "கிளி எங்கம்மா?"

"கிளியா?"

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். என்னைப் பிறந்ததிலிருந்து பார்த்துவருகிற கண். கிளி எது, என்ன கதை என்று ஒன்றும் அவளுக்குத் தெரியாது. ஆனால் நான் மாட்டிக்கொண்டேன் என்பது தெரிந்துவிட்டது.

"பறந்து போயிடுச்சு" என்றாள்.

"கூண்டு?"

அக்கா சிறிது யோசித்தாள். "அதுவும் போச்சு."

கம்பவுண்டரம்மா திரும்பி என்னை ஒரு தடவை பார்த்தார். ஏசியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். டாக்டர் வந்து சேரும்வரை அக்காவின் மணிக்கட்டை விடாமல் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

பத்து நாள் மருந்தில்லாமல் வைத்து, பிறகு டாக்டர் அளவைக் குறைத்துக் கொடுத்தார். அக்காவின் கண்ணில் புடவைகள் ஒவ்வொன்றாக வெளுத்தன. டோபிக்கு மன்னிப்புக் கிடைத்தது. பட்டையில் இருபத்தொரு பல் போய்ப் பதினாலு பல் ஆயிற்று.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை சீசாவோடு போனேன். இம்முறை உண்மைச் சேதி. ராத்திரி அக்கா இரண்டு தலையணை வைத்துத் தூங்கினாள், முன்பு மூச்சு வாங்காமலிருக்க மூன்று வேண்டும். மனதுக்குள் நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு போயிருந்தேன். கம்பவுண்டரம்மா கையை நீட்டினார். சீசாவை வாங்கினார். மருந்து ஊற்றினார், பட்டை ஒட்டினார், கொடுத்தார். சேதி கேட்கவில்லை.

"ரெண்டு தலையணைதான் வெச்சுக்கிட்டாங்க" என்று நானே சொன்னேன்.

"சரி" என்றார். பென்சிலை எடுக்கவில்லை. கம்பியில் தொங்கிய எங்கள் புதுச் சீட்டின் முதுகு காலியாக இருந்தது. மாதத்துக்கு ஒரு தடவை அவரே மயிலாப்பூர் வந்து அக்காவைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருப்பி எண்ணிவிட்டுப் போனார். என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அவருக்கு இல்லாமல் போயிற்று.

மூன்று வருஷம் இப்படிப் போனது. பாயிடம் கேட்டார், டிரைவரிடம் கேட்டார், நேற்று வந்தவர்களிடம் கேட்டார். என்னிடம் மட்டும் கேட்கவில்லை. நானோ அந்த மூன்று வருஷமும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அக்காவைக் கவனித்தேன். எந்தக் கால் முதலில் வீங்கும், எந்தக் கறி என்றால் இரண்டு பிடி கூடச் சாப்பிடுவாள், பொய்த்தூக்கம் எது, நிஜத்தூக்கம் எது, எல்லாம் எனக்கு அத்துப்படி. ஒவ்வொரு வாரமும் ஒன்றைச் சொன்னேன். ஒவ்வொரு வாரமும் "சரி". வீட்டுக்கு வந்தால் அக்கா கிண்டல் செய்வாள். "கிளிக்கு இன்னிக்கு என்ன குடுத்தாங்க?" கதை முழுவதையும் அவளிடம் சொல்லியிருந்தேன். அவளுக்கு அந்தக் கிளியின்மேல் என்னைவிடப் பாசம். ஒருநாள் மத்தியானம், நான் தூங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு, மெல்லிய குரலில் அவள் ஒரு தாலாட்டுப் பாடினாள். சுருதி சேரவே இல்லை. அதையும் போய்ச் சொன்னேன், "நிஜமாவே பாடினாங்க" என்று. கம்பவுண்டரம்மாவின் கை ஒரு நொடி நின்றது. எழுதவில்லை.

யுத்தம் முடிந்து, ஜன்னல் காகிதத்தையெல்லாம் சுரண்டி எடுத்த மறு வருஷம் அக்கா போய்விட்டாள். பகல் வேளையில், பேசிக்கொண்டிருக்கும்போதே. டாக்டர் வந்து பார்த்தார். கம்பவுண்டரம்மா வந்து அக்காவின் காலடியில் சற்று நேரம் நின்றுவிட்டுப் போனார்.

இரண்டு வெள்ளிக்கிழமை வீட்டில் கிடந்தேன். மூன்றாவது வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் கால் தானாக வீட்டுக்குப் போனது, கை தானாகச் சீசாவைக் கழுவியது. எதற்கு என்று நான் என்னைக் கேட்கவில்லை. ராயப்பேட்டையில் டிராமிலிருந்து இறங்கும்போதுதான் நான் செய்வது தெரிந்தது. அதற்குமேல் திரும்பிப் போகவும் தெம்பில்லை.

பெஞ்சியில் யாரும் இல்லை. ஜன்னலில் தடையில்லாமல் வெயில் வந்து அறை முழுக்கச் சிவப்பும் நீலமுமாக மிதந்துகொண்டிருந்தது. சீசாவை நீட்டினேன். வாங்கிக்கொண்டார். எப்போதும் எடுக்கும் குப்பியை விட்டுவிட்டு, பக்கத்து ஜாடியிலிருந்து ஊற்றினார். ஓமம் மணத்தது. காகிதத்தை மடித்து வெட்டினார். பதினாலு பல். ஒட்டினார், தக்கையை அழுத்தினார்.

சீசாவைக் கொடுத்துவிடுவார் என்று நினைத்தேன். கொடுக்கவில்லை. கம்பியிலிருந்து அக்காவின் சீட்டைக் கழற்றி மேஜைமேல் முதுகுப் பக்கமாகத் திருப்பிப் போட்டார். பென்சிலைத் தேடி எடுத்தார்.

"கிளி எப்படி கீது, டீச்சரம்மா?"

அவர் அவசரப்படவில்லை. எவ்வளவு நேரம் ஆனாலும் காத்திருக்கிறவர்போல என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"திரும்பி வந்துடுச்சு" என்றேன். "அக்கா பாட்டை அப்படியே பாடுது. சுருதிதான் சேரலை."

குனிந்து எழுதிக்கொண்டார்.